பிறவிக் குறைபாடு எல்லாம் பரம்பரைக் குறைபாடு அல்ல

பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம். டவுன் நோய்க்கூட்டு அறிகுறியை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்தாள்.

“டீச்சர், எங்க அண்ணி மாசமா இருக்கும்போது காய்ச்சல் வந்து உடம்பெல்லாம் தடிச்சுது. பாப்பாவுக்குக் காது கேக்கல. காய்ச்சலால குரோமோசோம் மாறிடுச்சா? வீட்ல எல்லாரும் அண்ணி பரம்பரைன்னு திட்டுறாங்க.”

அக்குழந்தையின் குறைபாட்டுக்குக் காரணத்தை மருத்துவர்தான் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். ஆனால், அவள் கேள்வியில் இருந்த குழப்பத்தைத் தீர்ப்பது அறிவியல் ஆசிரியரின் கடமை.

எப்போது நிகழ்ந்தது?

டவுன் நோய்க்கூட்டு அறிகுறியில் 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக உள்ளது. பெரும்பாலும் குன்றல் பகுப்பின்போது, அதாவது கருவுறுதலுக்கு முன்பே, இப்பிழை நேர்ந்துவிடுகிறது. கர்ப்ப காலத்தில் வரும் காய்ச்சல் இதற்குக் காரணம் அன்று.

ரூபெல்லா வைரஸ் கருவுற்ற பின்னர் வருகிறது. தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கருவை அடைந்து, செல்கள் பிரிவதைத் தடுக்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. முதல் 12 வாரங்களில் கண், காது, இதயம் உருவாவதால் அப்போதுதான் ஆபத்து மிகுதி. கண்புரை, செவித்திறன் இழப்பு, இதயக் குறைபாடு ஆகியவை ஏற்படலாம். 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இத்தொடர்பை முதலில் கண்டறிந்தார்.

ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் ரூபெல்லா வைரஸ் குரோமோசோம் முறிவுகளை உண்டாக்குவதை 1960-களில் ஆய்வாளர்கள் கண்டனர். எனினும் பாதிப்புற்ற குழந்தை தன் சந்ததிக்கு இக்குறைபாட்டைக் கடத்துவதில்லை. எனவே இது பிறவிக் குறைபாடு. பரம்பரைக் குறைபாடு அன்று.

வகுப்பறைச் செயல்பாடு

கரும்பலகையில் ‘கருவுறுதல்’ என எழுதி நடுவில் கோடு இடுக. டவுன், ரூபெல்லா, நிறக்குருடு, நச்சுப் புகையால் கருவுக்கு நேரும் பாதிப்பு ஆகியவற்றைக் கோட்டுக்கு முன், பின் என மாணவர்களே பிரிக்கட்டும். ‘எது அடுத்த தலைமுறைக்குச் செல்லும்?’ எனக் கேட்டு முடிக்கலாம்.

நம் பங்கு

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழகப் பள்ளிகளில் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது. வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பெற்றோர் பலர் மறுத்ததை நாம் மறந்திருக்க முடியாது. இன்று இத்தடுப்பூசி 9 முதல் 12 மாதத்தில் ஒரு தவணையும், 16 முதல் 24 மாதத்தில் மறு தவணையுமாக இலவசமாகப் போடப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கு இதைப் போடக்கூடாது. எனவே முன்பே போட்டிருக்க வேண்டும். பிறவி ரூபெல்லா பாதிப்பைக் கண்காணிக்க 2016-இல் இந்தியாவில் தொடங்கிய மையங்களுள் வேலூர் சி.எம்.சி.யும் ஒன்று.

ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதி மாணவிகள் பலர் பள்ளி முடித்ததும் ஷூ கம்பெனி வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் கடைசியாக அறிவியல் படிக்கும் இடம் நம் வகுப்பறையே. தடுப்பூசி அட்டையைத் தேடிப் பார்க்கவும், குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாயைப் பழிக்காதிருக்கவும் அவர்கள் இங்கேயே கற்க வேண்டும்.

மறுநாள் அம்மாணவி சொன்னாள்: “வீட்ல படம் போட்டுக் காட்டினேன் டீச்சர்.”