நாய்க்குட்டியைக் கயிற்றுக்குப் பழக்குதல்

கிராமங்களில் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் முகாம் நடைபெறும் தினத்தன்று ஒரு விநோதத்தைக் காணலாம். மருந்து வந்திருக்கிறது, கால்நடை வைத்தியர் காத்திருக்கிறார், நாயின் சொந்தக்காரருக்கும் சம்மதமே. ஆயினும் நாய் மட்டும் வருவதில்லை. பிறந்தது முதல் கயிற்றையே அறியாத அப்பிராணியை இருவர் துரத்த, ஒருவர் கோணியை வீசி மூட, முடிவில் யாரேனும் ஒருவர் கடிபட, அது ஊசி போடப்படாமலே வைக்கோற்போருக்குப் பின்னால் ஓடி மறைந்துவிடுகின்றது.

மனிதருக்கு உண்டாகும் வெறிநோயில் 100-க்கு 99 வரை நாயின் மூலமாகவே வருகின்றது. அந்நோயின் குறிகள் வெளிப்பட்ட பின்னர்ப் பிழைத்தவர் மிக மிக அரியர். வெறிநாய் கடித்த கறவை மாடும் அவ்விதமே மாண்டுபோகும். அது சங்கத்தில் கடன் பெற்று வாங்கிய மாடாயின், மாடு போன பின்னும் கடன் நிற்கும். ஆகையால் குட்டியைக் கயிற்றுக்குப் பழக்குவது பட்டணத்தார் பொழுதுபோக்கென்று எண்ணி ஒதுக்கத்தக்க காரியமன்று.

குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தற்குரிய வயது 8 வாரம். வெறிநோய்த் தடுப்பூசியின் முதல் தவணை 3 மாதம் நிரம்பியதும் போடப்படுவது. இடையிலுள்ள ஒரு மாத காலமே பயிற்சிக்கு மிகவும் உகந்தது. ஏனெனில், பிறந்த மூன்றாவது வாரம் தொடங்கி ஏறக்குறைய 12 அல்லது 14 வாரம் வரையில் குட்டியானது புதிய பொருளையும் புதிய மனிதரையும் அதிக அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும். அப்பருவம் கழிந்த பின்பும் பழக்கலாம். ஆனால் சிரமம் அதிகம்.

சிறு குட்டிக்குக் கழுத்துப்பட்டையைக் காட்டிலும் மார்புப்பட்டையே நல்லது. கழுத்தில் கயிறு இழுபடும்போது மூச்சுக்குழல் நசுங்கும், குட்டி இருமும். மார்புப்பட்டையிலோ அந்த இழுப்பு மார்பெலும்பின் மேல் பரவி விழுகின்றது. விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை என்னும் ஊரின் பெயரைக் கொண்ட வேட்டை நாயும், அதனோடொத்த கன்னி நாயும் தலை குறுகியவை. அவை பின்வாங்கித் தலையை உதறினால் சாதாரணக் கழுத்துப்பட்டை எளிதில் கழன்றுவிடும். அவற்றின் தோலும் மெல்லியது, மயிரும் குட்டையானது. ஆதலால் தேங்காய் நார்க் கயிறு, நைலான் கயிறு இரண்டும் ஆகா.

அரை அங்குல அகலமுள்ள பருத்தி நாடாவால் உள்ளூர்த் தையற்காரரே ஒரு பட்டை தைத்துக் கொடுத்துவிடலாம். கழுத்தடியைச் சுற்றி ஒரு வளையம், முன்னங்கால்களுக்குப் பின்னால் விலாவைச் சுற்றி மற்றொரு வளையம். இவ்விரண்டையும் மார்பிலும் முதுகிலும் ஒவ்வொரு துண்டு நாடா இணைக்க வேண்டும். கயிறு கோக்கும் உலோக வளையம் முதுகின் மேல் இருப்பது. பட்டைக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கால் இடுக்கில் நாடா உரசலாகாது. குட்டி விரைந்து வளருமாதலால் வாரம் ஒருமுறை இந்த இரண்டு விரற் சோதனையைச் செய்தல் அவசியம். குட்டியில் கட்டிய கயிற்றை மறந்துவிட, அது தசைக்குள் பதிந்து, ஈ மொய்த்துப் புழு வைத்த நாய்களைக் காண்பது கிராமங்களில் அரிதன்று.

முதல் நாள் பட்டையைப் பூட்டவே கூடாது. அதனைத் தரையில் வைத்து, அதன் மேலும் அருகிலும் பட்டாணி அளவு வேகவைத்த முட்டைத் துண்டுகளைப் போட்டால், குட்டி முகர்ந்து தின்னும். மறுநாள் வளையத்தின் அப்புறத்தில் தீனியை நீட்டினால் அது தானாகவே தலையை நுழைக்கும். உடனே கழற்றிவிட வேண்டும். இவ்விதம் சில தடவை செய்த பின்பு, அது உண்டுகொண்டிருக்கையில் விலாப்பட்டையைப் பூட்டலாம். குட்டி சொறியும், உருளும், சில வேளை சிலைபோல் நின்றுவிடும். அப்போது அதட்டாமலும், சிறுவர் கூடிச் சிரிக்க இடங்கொடாமலும், தீனியைக் காட்டி நாலடி நடக்கச் செய்து, அது அமைதியடைந்த சமயம் பார்த்துப் பட்டையை அவிழ்க்க வேண்டும். ஒரு வேளைக்கு 5 நிமிஷம் போதும். நாளைக்கு மூன்று வேளை செய்யலாம்.

பட்டை பழகிய பின்னரே கயிறு. இரண்டு முழமுள்ள மெல்லிய பருத்திக் கயிற்றைப் பூட்டி, முனையில் முடிச்சின்றி முற்றத்தில் இழுத்துக்கொண்டு திரிய விடுக. எங்கேனும் சிக்கிக்கொள்ளாதபடி ஒருவர் கண்ணும் அதன் மேல் இருக்க வேண்டும். அதன்பின் முனையைக் கையிற் பற்றி, முதலில் குட்டி போகுமிடமெல்லாம் மனிதரே பின்தொடர்ந்து செல்ல வேண்டும். இது சிலருக்கு நகைப்பாகத் தோன்றும். இளங்காளையை முதல் நாளே பாரம் ஏற்றிய வண்டியில் பூட்டாமல், பழகிய மாட்டோடு வெறும் நுகத்தில் சில நாள் நடத்துகின்ற குடியானவருக்கு மட்டும் அப்படித் தோன்றாது.

இனி முக்கியமான விஷயம். எந்தப் பிராணியையும் ஒரு பக்கம் இழுத்தால் அது மறுபக்கம் சாய்ந்து ஊன்றிக்கொள்ளும். அது பிடிவாதமன்று, விழாமல் நிற்பதற்குரிய உடலின் சுபாவம். ஆதலால் இழுத்துப் பழக்கப்பட்ட குட்டி, இழுப்பதையே கற்றுக்கொள்கின்றது. குட்டி முன்னே பாய்ந்து கயிறு விறைத்தவுடன் மனிதர் அசையாது நின்றுவிட வேண்டும். அது திரும்பிப் பார்த்து ஓரடி பின்வந்து கயிறு தளர்ந்த அந்தக் கணமே நடை தொடங்க வேண்டும். காலருகில் வந்தால் ஒரு துண்டுத் தீனியும் கொடுக்க வேண்டும். பின்னே தங்கி உட்கார்ந்துவிட்டால் இழுத்துச் செல்லாமல், குனிந்து அழைக்க வேண்டும். வீட்டார் அனைவரும் ஒரே விதமாகச் செய்தாலன்றிப் பயனில்லை. தகப்பனார் நின்று பழக்க, பையன் மாலையில் தரதரவென்று இழுத்து ஓடினால் காலையின் உழைப்பு வீணே.

தூணில் கட்டுவது கடைசிப் பாடம். பழகுமுன் கட்டினால் குட்டி கயிற்றைக் கடித்தறுக்கவும், ஓயாது ஊளையிடவுமே கற்கும். நாள் முழுதும் சங்கிலியிற் கிடக்கும் நாய் காவலுக்கு உதவும் என்பர். அது தபாற்காரரையும் அண்டை வீட்டுக் குழந்தையையும் கடிப்பதற்கே பெரும்பாலும் உதவுகின்றது.

பார்வோ முதலான தொற்றுநோய்களுக்குரிய ஊசிகள் பூர்த்தியாகும் வரையில் பயிற்சியெல்லாம் வீட்டு முற்றத்தோடு நிற்க வேண்டும். தெருநாய் மலங்கழிக்கும் இடங்களில் குட்டியை இறக்கலாகாது. அந்நாட்களில் அயலார் ஒருவரைக் கொண்டு அதன் காதையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்கச் செய்து, அதற்கும் தீனி கொடுத்து வந்தால், ஊசி போடும் நாளில் வைத்தியர் கையைக் கண்டு அஞ்சாது.

முதல் ஊசிக்குக் குட்டியை மார்புப்பட்டையோடு தூக்கிக்கொண்டே கால்நடை மருந்தகத்துக்குச் செல்லலாம். வைத்தியர் குறிப்பிடும் நாளில் அடுத்த தவணையும், பின்னர் ஆண்டுதோறும் ஒரு தவணையும் தவறாமல் போடப்பட வேண்டும். இதற்கிடையில் விளையாட்டாகவேனும் குட்டியின் பல் பட்டு மனிதர் தோல் கீறினால், அவ்விடத்தைச் சோப்பும் ஓடுகின்ற நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதையும் அப்பலாகாது. ஊசி போட்ட தேதியைப் பால் சங்கப் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்து வைத்தால், நாள்தோறும் கையிற் புழங்கும் புத்தகமாகையால், அடுத்த ஆண்டுத் தவணை மறந்துபோகாது.