சிறு டிராக்டரின் தூக்கி எண்ணெயைச் சோதித்தல்

விக்கிரவாண்டிப் பகுதியில் நெல், கரும்பு, மணிலாக்கொட்டை பயிரிடும் குடியானவர் பலர்க்குச் சிறு டிராக்டர் இன்றியமையாததாகிவிட்டது. கலப்பையை எண்ணெயழுத்தத்தால் தூக்கியிறக்கும் மும்முனை இணைப்பு, ஹாரி பெர்குசன் என்பார் வகுத்த முறையைத் தழுவியது; அவ்வமைப்புடைய டிராக்டர் இங்கிலாந்தில் 1936-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அநேக டிராக்டர்களில் பல்சக்கரப் பெட்டிக்கும் தூக்கிக்கும் ஒரே எண்ணெயாதலால், அது குறைந்தால் கலப்பை எழாததோடு பல்சக்கரங்களும் தேயும்.

சோதிக்குமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தூக்கும் கரங்களை முழுதும் தாழ்த்தி, எஞ்சினை அணைத்துச் சிறிது பொறுத்தல் வேண்டும். கரங்கள் உயர்ந்து நின்றால் எண்ணெயில் ஒரு பகுதி உருளையில் தங்கி, அளவு குறைவாகத் தோன்றும். அதை நம்பி மிகுதியாக ஊற்றிவிடுவோர் உளர். அளவுகோலைச் சூழ்ந்த சேற்றை அகற்றிய பின்னரே அதனை உருவ வேண்டும். துடைத்து மீண்டும் செலுத்தி எடுக்கையில் எண்ணெய் இரு கோடுகளுக்கிடையே நிற்றல் முறை. குறைந்திருப்பின் கையேட்டிற் கண்ட ரகத்தையே சேர்க்க. எஞ்சின் எண்ணெய் கையிலிருக்கிறதென்று அதை ஊற்றலாகாது.

எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்ததெனக் கொள்க. சேற்றுழவுக்குப்பின் இது நேர்வதுண்டு. அப்போது மேலும் ஊற்றுவதாற் பயனில்லை. முழுதும் வடித்து, வடிகட்டியை மாற்றி, நீர் புகுந்த வழியை அடைத்தல் வேண்டும்.

அடிக்கடி குறைந்தால் கசிவு உண்டு. அதைக் கையால் தடவித் தேடுவது பேராபத்து. ஊசித்துளையினின்று பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். காயம் எறும்புக்கடிபோற் சிறிதாயினும் விரலையோ கையையோ இழக்க நேரலாம். அட்டைத்துண்டைப் பிடித்தே கசிவைக் காண்க. எண்ணெய் உட்புகுந்துவிட்டால், வலியில்லையென்று தாமதியாது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே சென்று, நடந்ததையும் எண்ணெயின் ரகத்தையும் மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.