கிளென்னின் விண்கலமும் வெப்பக் கவசமும்

மேகமூட்டத்தாலும் கோளாறுகளாலும் பன்முறை ஒத்திவைக்கப்பட்ட அட்லஸ் ராக்கெட், 1962 பிப்ரவரி 20-ஆம் நாள் கேப் கனாவரலிலிருந்து கிளம்பிற்று. அதன் உச்சியிலிருந்த ‘பிரண்ட்ஷிப் 7’ கலத்தில் ஜான் கிளென் அமர்ந்திருந்தார். பூமியை மும்முறை வலம் வருவதே அவர் பணி.

இரண்டாம் சுற்றின்போது, கலத்தின் அடியிலுள்ள வெப்பக் கவசம் தளர்ந்துவிட்டதாகத் தரை நிலையத்துக்குக் குறிப்புக் கிட்டியது. மாணவர்க்கு விளக்கத்தக்க பகுதி இதுவே. கலம் மிகுவேகத்தில் காற்றுமண்டலத்துள் நுழைகையில் அதன் முன்னுள்ள காற்று நெருக்குண்டு கடுஞ்சூடடைகிறது. கவசம் இன்றேல் கலம் எரிந்துபோகும். கவசத்தின் மேல் வார்களால் கட்டப்பட்டிருந்த வேகத்தணிப்பு ராக்கெட் தொகுதியை வழக்கம்போல் கழற்றிவிடாமல், அவ்வார்களே கவசத்தைப் பிடித்திருக்குமாறு விட்டனர். எரியும் துண்டுகள் சன்னலைக் கடந்து பறக்கக் கண்ட கிளென், கவசமே சிதைகிறதோ என ஐயுற்றார்.

4 மணி 55 நிமிடப் பயணத்துக்குப்பின் கலம் பாராசூட்டின் துணையால் அட்லாண்டிக் கடலில் இறங்கிற்று. ‘நோவா’ என்னும் நாசகாரிக் கப்பல் அதனைத் தூக்கியெடுத்தது. ஆராய்ந்தபோது, கவசம் தளரவேயில்லை. பிழை ஒரு சிறு ஸ்விட்சில் இருந்தது.