மிசௌரி ஆற்று மணலுக்கு அடியில்

அன்புள்ள தமிழினிக்கு,

நீ கேட்டது நல்ல கேள்வி. 1869 மே 10 அன்று அமெரிக்காவின் யூட்டா பகுதியில் தங்க ஆணி அடித்து, கிழக்கையும் மேற்கையும் ரயிலால் இணைத்துவிட்டார்கள் என்று உன் புத்தகத்தில் இருக்கிறது. வரைபடத்திலோ, அந்தப் பாதையில் உள்ள ஒமாஹா, கவுன்சில் பிளஃப்ஸ் ஊர்களுக்கு நடுவில் மிசௌரி ஆறு ஓடுகிறது. அதை ரயில் எப்படித் தாண்டியது என்று கேட்டிருக்கிறாய். ரயில் தாண்டவில்லை. சிகாகோவிலிருந்து வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு கரையில் இறங்கி, படகேறி, எதிர்க்கரையில் வேறு ரயில் பிடித்தார்கள். தங்க ஆணி அடித்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழித்து, 1872 மார்ச்சில்தான் அங்கே பாலம் திறந்தது.

மலையைக் குடைந்து பாதை போட்டவர்களை ஓர் ஆறு இவ்வளவு காலம் நிறுத்தி வைத்ததற்குக் காரணம் அதன் அகலம் என்று நினைக்காதே. அதன் அடியில் கிடக்கும் மணல்தான் காரணம்.

மிசௌரி, ராக்கி மலைப் பக்கம் பிறந்து சுமார் 3,700 கிலோமீட்டர் ஓடி, செயின்ட் லூயிஸுக்குச் சற்று மேலே மிசிசிப்பியில் சேர்கிறது. வழியெல்லாம் மண்ணை அரித்துக்கொண்டு வருவதால் தண்ணீர் எப்போதும் கலங்கலாகவே இருக்கும். கரையைத் தின்பதும், பழைய தடத்தை விட்டுவிட்டுப் புதுத் தடத்தில் ஓடுவதும் அதற்கு வழக்கம். பல இடங்களில் பாறையைத் தொட வேண்டுமானால் பல பத்து அடி மணலைத் தாண்ட வேண்டும். அந்த மணலும் நிலையாகக் கிடப்பதில்லை. வெள்ளம் வரும்போது நீர்மட்டம் மேலே ஏறுவது நம் கண்ணுக்குத் தெரியும். அதே நேரத்தில் ஆற்றின் தரை கீழே இறங்குவது தெரியாது. மேல்மணல் முழுவதும் நீரோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். மணலில் ஊன்றிய தூண் எவ்வளவு கனமாக இருந்தாலும் அப்போது நிற்காது. பாறை வரை போய்த்தான் ஆக வேண்டும்.

இதை முதலில் செய்து காட்டியவர் ஆக்டேவ் சனூட். பாரிஸில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா வந்தவர். பொறியியல் கல்லூரி வாசலை மிதிக்காமல், ரயில் பாதை அளப்பவர்களுக்குச் சங்கிலி பிடிக்கும் வேலையில் சேர்ந்து தொழிலைக் கற்றார். கான்சாஸ் சிட்டியில் அவர் கட்டிய ஹானிபல் பாலம் 1869 ஜூலை 3 அன்று திறந்தது. மிசௌரியின் குறுக்கே நிலையாக நின்ற முதல் பாலம் அது. பக்கத்திலிருந்த லெவன்வொர்த் அதுவரை கான்சாஸ் சிட்டியைவிடப் பெரிய ஊர். பாலம் கிடைத்ததும் ரயில்களும் மாட்டுச் சந்தையும் கான்சாஸ் சிட்டிக்கு வந்தன. 1880இல் அதன் மக்கள்தொகை 55,000ஐத் தாண்டிவிட்டது. லெவன்வொர்த் பின்தங்கியது. ஒரு பாலம் எந்த ஊரில் அமைகிறது என்பது அந்த ஊரின் நூறாண்டுத் தலைவிதி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

சனூட்டிடம் 1867இல் ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். ஜார்ஜ் மோரிசன். ஹார்வர்டில் சட்டம் படித்தவர். நல்ல எதிர்காலம் இருந்த வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, 24 வயதில் சேற்றில் இறங்கினார். இருவரும் சேர்ந்து 1870இல் கான்சாஸ் சிட்டிப் பாலத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். பாலம் கட்டிய கதையோடு, மிசௌரி ஆறு எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கும் அதில் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆற்றைப் படித்த பிறகுதான் பாலத்தை வரைய வேண்டும் என்ற அந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். பின்னாளில் மோரிசன் மிசௌரியின் மேல் வரிசையாகப் பாலங்கள் கட்டினார்: பிளாட்ஸ்மத், பிஸ்மார்க், பிளேர், ரூலோ, ஒமாஹா, சூ சிட்டி, நெப்ராஸ்கா சிட்டி.

தூணைப் பாறை வரை எப்படி இறக்கினார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீருக்குள் நேராக அமுக்கிப் பார். உள்ளே காற்று நிற்கும், தண்ணீர் ஏறாது. கேசான் என்பது அதுதான். கனமான மரங்களை அடுக்கிச் செய்த, அடிப்பாகம் இல்லாத பெரிய பெட்டி. கீழ் விளிம்பில் இரும்புப் பூண். அதை ஆற்றில் நிறுத்தி, அதன் கூரை மேலேயே கல்தூணைக் கட்டத் தொடங்குவார்கள். உள்ளே காற்றை அழுத்திச் செலுத்தினால் தண்ணீர் வெளியே தள்ளப்படும். ஆட்கள் இரட்டைக் கதவு வைத்த காற்றறை வழியாக உள்ளே இறங்கி, விளக்கு வெளிச்சத்தில் மணலைத் தோண்டுவார்கள். தோண்டத் தோண்டப் பெட்டி கீழே இறங்கும். இறங்க இறங்க மேலே கல் அடுக்கிக்கொண்டே போவார்கள். பாறையைத் தொட்டதும் அதைச் சுத்தம் செய்து, தாங்கள் நின்று வேலை செய்த அறையையே கான்கிரீட்டால் நிரப்பிவிட்டு மேலே வந்துவிடுவார்கள். அந்தப் பெட்டி தூணின் அடியில் அப்படியே தங்கிவிடும்.

இயற்பியல் பாடத்தில் படித்திருப்பாய்: ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் தண்ணீரின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. உள்ளே இருக்கும் காற்றையும் அதற்கு ஈடாக அழுத்த வேண்டும். அந்தக் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் இரத்தத்தில் அதிகமாகக் கரைகிறது. வேலை முடிந்து சட்டென்று வெளியே வந்தால் அது குமிழ் குமிழாகப் பிரிந்து, மூட்டுகளில் தாங்க முடியாத வலியைக் கொடுக்கும், பக்கவாதம் வரும், உயிரும் போகும். 1874இல் செயின்ட் லூயிஸில் மிசிசிப்பியின் மேல் முடிந்த ஈட்ஸ் பாலத்துக்காக இப்படி ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காரணம் நைட்ரஜன்தான் என்று பிரான்சில் பால் பெர் விளக்கிய நூல் 1878இல்தான் வந்தது. பாலத்தின் பெயர்ப் பலகையில் பொறியாளர் பெயர் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும். கேசானுக்குள் இறங்கிய ஆட்களின் பெயரை அதில் தேடாதே, இருக்காது. பாலத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் அவர்களையும் சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஒமாஹாவின் முதல் பாலத்தில் கல்தூணுக்குப் பதிலாக, வார்ப்பிரும்புக் குழாய்களை இதே காற்றழுத்த முறையில் இறக்கி உள்ளே நிரப்பினார்கள். மேலே தலா 250 அடி நீளத்தில் பதினொரு கண்கள், அதாவது தூணுக்குத் தூண் நீளும் பகுதிகள். நீராவிப் படகுகள் அடியில் போக வேண்டும் என்பதால் உச்ச வெள்ள மட்டத்துக்கு 50 அடி மேலே உயர்த்தினார்கள். கீழே இருந்த ஆபத்தையெல்லாம் கணக்கிட்டவர்களுக்கு ஆபத்து மேலே இருந்து வந்தது: 1877 ஆகஸ்ட் 25 அன்று அடித்த சூறாவளி கிழக்கு ஓரத்தின் இரண்டு கண்களைத் தூக்கி எறிந்தது. 1886இல் ஹானிபல் பாலத்தின் ஒரு கண்ணையும் சூறாவளிதான் வீழ்த்தியது.

பிஸ்மார்க் பாலத்துக்கு வருகிறேன். இவற்றில் என் மனசுக்கு நெருக்கமானது அது. வடக்கு டகோட்டாவில் நார்தர்ன் பசிபிக் ரயில் பாதை 1873இல் பிஸ்மார்க் கரைக்கு வந்து நின்றது. கோடையில் வண்டிகளைப் படகில் ஏற்றிக் கடத்தினார்கள். 1879 குளிர்காலத்தில் ஆறு உறைந்ததும் பனிக்கட்டியின் மேலேயே கட்டைகளைப் பரப்பி, தண்டவாளம் போட்டு, இன்ஜினை ஓட்டிக்கொண்டு போனார்கள். வசந்தத்தில் அந்தப் பனி உடைந்து பாளம் பாளமாக வரும்போது எதிரில் நிற்கும் எதையும் நொறுக்கிவிடும். அதனால் மோரிசன் தன் தூண்களின் மேல்நீர்ப் பக்கத்தைக் கத்தி முனை போலச் சரிவாக அமைத்தார். பாளம் அதில் ஏறித் தன் எடையாலேயே இரண்டாக உடையும். நடுவில் தலா 400 அடி நீளத்தில் மூன்று கண்கள். 1882 அக்டோபர் 21 அன்று எட்டு இன்ஜின்களை ஒன்றாக மேலே ஏற்றிச் சோதித்துத் திறந்தார்கள்.

இந்தப் பாலத்தின் இன்னொரு பக்கத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்க்கரை ஊரின் பெயர் மாண்டன். அது அந்த ஆற்றங்கரையில் காலங்காலமாகப் பயிர் செய்து வாழ்ந்த பழங்குடி மக்களின் பெயர். பாதை மேற்கே நீண்ட அதே சில ஆண்டுகளில் வடக்குச் சமவெளியின் காட்டெருமைகள் தோலுக்காகக் கொன்று குவிக்கப்பட்டன. தோல் கட்டுகளைக் கிழக்கே கொண்டுபோனது இந்த ரயில்தான். 1883 முடிவதற்குள் அந்தப் பெருமந்தை இல்லாமலே போய்விட்டது. அந்தச் சமவெளியின் லகோட்டா பழங்குடி மக்கள் காட்டெருமையை நம்பி வாழ்ந்தவர்கள். பாலத்தின் நேர்த்தியை நான் மனதார வியக்கிறேன். அது யாருக்கு என்ன கொண்டுவந்தது, யாரிடமிருந்து எதை எடுத்தது என்பதையும் அதே மூச்சில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பழைய ரயில் பாலத்தின் படத்தைப் பார்த்தால் ‘இதற்கு வயது என்ன’ என்று ஒரே கேள்வியாகக் கேட்காதே. மேலே தனியாக, கீழே தனியாகக் கேள். இன்ஜின்களின் எடை ஏறிக்கொண்டே போனதால், அந்தக் காலத்து இரும்புச் சட்டங்கள் இருபது முப்பது ஆண்டுகளில் போதாமல் போயின. பிஸ்மார்க்கில் 1905இல் மேலே இருந்த மூன்று பெரிய கண்களையும் மாற்றினார்கள். மோரிசனின் கல்தூண்கள் அப்படியே புதிய பாரத்தைச் சுமந்தன. சட்டங்கள் சேரும் மூட்டைப் பார்த்தும் காலத்தை ஊகிக்கலாம். 1870, 80களின் பாலங்களில் முனையில் துளையிட்ட பட்டைகளைக் கதவுக் கீலைப் போல ஒரே தடித்த ஆணியில் கோத்திருப்பார்கள். பிற்காலத்தவற்றில் தகடு வைத்து வரிசையாக ரிவெட் அடித்திருப்பார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரியும்.

படகுகளுக்கு வழிவிடும் ஏற்பாட்டிலும் ஒரு தொடர்ச்சி உண்டு. ஹானிபல் பாலத்தில் ஒரு கண் தூணின் மேல் பக்கவாட்டில் சுழன்று திறந்தது. அதே ஊரில் 1911இல் வாடெல் என்பவரின் நிறுவனம் வடிவமைத்த பாலத்தில் ரயில் ஓடும் கீழ்த்தளம் மட்டும் நேராக மேலே எழும்பியது, மேலே இருந்த சாலை அசையாமல் நின்றது. 2025இல் பாம்பனில் திறந்த புதிய பாலத்தின் நடுக்கண் நேராக மேலே ஏறுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தாய் அல்லவா? செங்குத்தாகத் தூக்கும் அந்த முறையை 1890களில் சிகாகோவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் இதே வாடெல்தான்.

சனூட்டைப் பற்றி ஒன்று பாக்கி. வயதான பிறகு அவர் பறக்கும் இயந்திரங்களின் பக்கம் திரும்பினார். 1896இல் அவர் செய்த கிளைடரில் மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் பாலத்தின் சட்டக் கட்டமைப்பைப் போலவே கம்பும் கம்பியுமாகப் பிணைத்தார். ரைட் சகோதரர்கள் அவரோடு கடிதத் தொடர்பில் இருந்தவர்கள். தங்கள் விமானத்துக்கும் அந்தக் கட்டமைப்பையே எடுத்துக்கொண்டார்கள்.

பிஸ்மார்க் பாலம் இன்னும் இருக்கிறதா என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். ரயில்வே நிறுவனம் பக்கத்தில் புதுப் பாலம் கட்டிப் பழையதை அகற்றத் தீர்மானித்தது. நடைபாதையாகவாவது அதை விட்டுவையுங்கள் என்று அந்த ஊர் மக்கள் சங்கம் அமைத்துப் பல ஆண்டுகள் போராடினார்கள். நாட்டின் ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் 2019இல் அது இடம்பெற்றது. பலன் கிடைக்கவில்லை. ரயில் நிறுவனத்துக்கு அதன் நியாயம் உண்டு: கிழக்குக் கரையின் மண்மேடு சரிந்து தூணைத் தள்ளியது பழைய தொல்லை. ஆனாலும் ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகள் பனியையும் வெள்ளத்தையும் தாங்கிய தூண்களில் மனிதர்கள் நடக்கவாவது விட்டிருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. முடிந்தால் அந்த 1870ஆம் ஆண்டு நூலின் படங்களைத் தேடிப் பார். தூண் இறக்கும் முறைகளை எவ்வளவு பொறுமையாக வரைந்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

அன்புடன்,
மாமா