உவர்ப்பின்மை: வரோரா தரும் பாடம்

நற்காட்சியின் எட்டு உறுப்புகளை நாம் சிறுவயது முதல் ஒப்புவித்து வருகிறோம். அவற்றுள் மூன்றாவதாகிய உவர்ப்பின்மையை மட்டும் விரைந்து சொல்லிக் கடந்துவிடுகிறோம். வடமொழியில் நிர்விசிகித்சை எனப்படும் இதற்கு, நோயுற்ற உடலைக் கண்டு அருவருப்புக் கொள்ளாதிருத்தல் என்பது பொருள். இதற்குச் சான்றாக உத்தாயண மன்னனின் வரலாறு கூறப்படுகிறது. குட்டநோயால் உடல் அழுகிய முனிவர் ஒருவர் அவன் அரண்மனைக்கு வந்து, அளித்த உணவு முழுவதையும் உண்டு, உடனே வாந்தி எடுத்தார். நாற்றம் பொறாமல் ஏவலர் ஓடினர். அரசனும் அரசியும் அகலவில்லை. தாம் அளித்த உணவில்தான் குற்றம் போலும் என்று நொந்துகொண்டு, முனிவரின் உடலைத் தம் கைகளால் கழுவினர். வந்தவர் அரசனைச் சோதிக்க வந்த தேவர் என்பது பின்னரே தெரிந்தது.

வந்தவர் தேவர் என்று முடிவதனாலேயே இதனை நாம் கதையளவில் நிறுத்திக்கொண்டோமோ என்னும் ஐயம் நமக்கு உண்டு. தேவராக மாறாத நோயாளி ஒருவர் நம் தெருமுனையில் கிடந்தால் என் செய்வோம்? அத்தகைய ஒருவரை எதிர்கொண்டு, முதலில் தோற்று, பிறகு வென்ற ஒருவரின் வாழ்வை இம்முறை பாடமாகக் கொள்வோம். அவர் நம் சமயத்தவர் அல்லர்; ஆயினும் இந்த மூன்றாம் உறுப்பை அவர் வாழ்ந்து காட்டினார்.

சென்னையிலிருந்து தில்லி செல்லும் இருப்புப்பாதையில், மராட்டிய மாநிலச் சந்திரபூர் மாவட்டத்தில் வரோரா என்னும் சிறுநகரம் உள்ளது. நம்மில் பலர் அந்நிலையத்தைத் தூக்கத்திலேயே கடந்திருப்போம். அதற்கு வடக்கே, அதே பாதையில் உள்ள இங்கண்காட்டில் 1914 டிசம்பர் 26 அன்று செல்வமிக்க நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர் முரளீதர் தேவிதாஸ் ஆம்டே. பெற்றோர் செல்லமாக அழைத்த 'பாபா' என்னும் பெயரே பிற்காலத்தில் உலகறிந்த பெயராயிற்று. சட்டம் பயின்று வரோராவில் வழக்கறிஞராக இருந்த அவர், நகராட்சியின் துணைத் தலைவராகவும் ஆனார்.

அக்காலத்தில் மனித மலத்தைக் கூடையில் வாரித் தலையில் சுமந்து அகற்றும் கொடுமை எங்கும் இருந்தது. வரோராவின் துப்புரவுத் தொழிலாளர் தம் குறைகளை முன்வைத்துப் போராடியபோது, இத்தொழிலின் துன்பம் செய்து பார்த்தவருக்கே தெரியும் என்றனர். ஆம்டே அதை வெறும் பேச்சாகக் கொள்ளவில்லை. துணைத் தலைவராகிய தாமே கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ஒருநாள் அன்று, பல மாதங்கள். ஒரு மூட்டை அரிசி வழங்கப் படம் பிடிப்பவரை முன்கூட்டியே சொல்லிவைக்கும் நம் காலத்து வழக்கத்தை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் அவருடைய அருவருப்பு அழியவில்லை என்பதே நாம் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதி. மழை பெய்த ஒரு மாலையில், கூடை சுமந்து திரும்பும் வழியில், சாக்கடையோரம் ஒரு கந்தல் மூட்டை கிடப்பதைக் கண்டார். அது மூட்டையன்று, துளசிராம் என்னும் தொழுநோயாளி. விரல்கள் இல்லை, புண்களில் புழுக்கள் நெளிந்தன, உயிர் மட்டும் ஊசலாடிக்கொண்டிருந்தது. ஆம்டே அஞ்சி வீட்டுக்கு ஓடினார். எவருக்கும் அஞ்சாதவர் என்று பெயரெடுத்த தாம் ஓர் உடலைக் கண்டு ஓடியதை அவரால் தாங்க இயலவில்லை. திரும்பிச் சென்றார். மழை படாமல் மறைப்பு அமைத்தார், உணவூட்டினார், துளசிராம் இறக்கும் வரை பணிவிடை செய்தார். பிற்காலத்தில் இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது, தாம் ஓடியதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. தம் ஊழியத்தின் தோற்றுவாய் இரக்கமன்று, அச்சத்தை வெல்லும் முயற்சியே என்றும் கூறினார்.

அச்சத்தை வெல்ல அறிவும் துணை வேண்டும். ஆம்டே கல்கத்தா சென்று தொழுநோய் மருத்துவம் பயின்றார். இந்நோய் ஒரு நுண்ணுயிரால் வருவது என்பதை 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் கண்டறிந்திருந்தார். நோய் நரம்புகளைத் தாக்குவதால் உணர்ச்சி அற்றுப்போகிறது. அதனால் சுடுவதும் வெட்டுப்படுவதும் நோயாளிக்குத் தெரிவதில்லை. கவனிப்பாரற்ற அப்புண்களே விரல்களைக் கொண்டுபோகின்றன. பெரும்பாலோர் உடலில் இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையாகவே உண்டு. முற்பிறவிப் பாவம் என்று நாம் எளிதில் சொல்லிவிட்ட ஒன்றுக்கு மாத்திரை இருந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளவேண்டும். 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் இது முற்றிலும் குணமாகும் நோயாயிற்று. சட்டமோ மெல்ல வந்தது: நோயாளிகளை ஒதுக்கிவைத்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது, மணவிலக்குக்குத் தொழுநோயைக் காரணமாக்கிய விதி 2019இல் அகன்றது.

1951இல் வரோராவுக்கு அருகே அரசு அளித்த 50 ஏக்கர் கரட்டு நிலத்தில், மனைவி சாதனாதாய், இரு சிறு மைந்தர், ஆறு நோயாளிகள், ஒரு நொண்டிப்பசு, 14 ரூபாய் ஆகியவற்றோடு ஆம்டே குடியேறினார். பாம்பும் தேளும் மலிந்த அவ்விடத்திற்கு ஆனந்தவனம் என்று பெயரிட்டார். பாறையைக் குடைந்து கிணறு தோண்டியவர்கள் நோயாளிகளே. பிச்சை ஒருவனைத் தாழ்த்தும், உழைப்பே நிமிர்த்தும் என்பது ஆம்டேயின் உறுதி. விரலற்ற கைக்கும் ஒரு வேலை உண்டு என்று அவர் நம்பினார். மலச்சுமையையும் நோயாளியையும் அவர் தொட்டார் என்பது மட்டும் போதாது. நோயாளி பிறருக்குக் கொடுப்பவராக ஆனதே பெரிது. சாதனாதாய் இல்லாமல் இதில் எதுவும் நடந்திராது. குழந்தைகளையும் நோயாளிகளையும் ஒரே வளாகத்தில் வளர்த்த அத்துணிவுக்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.

ஆனால் நகரம் அவ்வளவு விரைவில் மாறவில்லை. ஆனந்தவனத்துக் காய்கறியையும் பாலையும் வரோரா மக்கள் வாங்க மறுத்தனர். 1950களில் வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்து, அங்கேயே தங்கி, உண்டு, கட்டடப் பணி செய்தனர். அவர்களுக்கு ஒரு தீங்கும் நேராததைக் கண்டபின் தயக்கம் சிறிது சிறிதாகக் குறைந்தது. இம்மக்களைப் பழிக்க நமக்குத் தகுதியில்லை. நம் கோயில் வாயில்களில் நாணயத்தை எட்ட நின்று எறிந்தவர்கள் நாம்.

பின்னாளில் ஆம்டேக்கு 1985இல் மகசேசே விருதும், 1986இல் பத்மவிபூஷணும், 1990இல் டெம்பிள்டன் விருதும் கிடைத்தன. முதுகெலும்பு நோயால் உட்கார இயலாத நிலையிலும் 1985இல் கன்னியாகுமரியிலிருந்து காசுமீரம் நோக்கி ஒற்றுமைப் பயணம் நடத்தினார். 2008 பிப்ரவரி 9 அன்று ஆனந்தவனத்திலேயே மறைந்தார். இவை அனைவரும் அறிந்தவை.

நாம் நினைவில் வைக்க விரும்புவது வேறொன்று. வரோராவின் இளைஞர்க்கு அருகில் உயர்கல்வி வசதி இல்லாதிருந்த காலத்தில், 1964இல் ஆனந்தவனத்தில் ஆனந்த நிகேதன் கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் கட்டடப் பணியில் தொழுநோயாளிகளே உழைத்தனர். அக்கைகள் பறித்த காய்கறியைத் தொடத் தயங்கிய நகரத்தின் பிள்ளைகள், அக்கைகள் எழுப்பிய சுவர்களுக்குள் வந்தமர்ந்து பாடம் கேட்டார்கள்.