எடையா, வேகமா? – ஒரு தோட்டாக் கணக்கு

வேப்பந்தட்டைப் பக்கம் மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டால் ராத்திரி யாரும் வீட்டில் படுப்பதில்லை. காட்டுப்பன்றி ஒரே இரவில் கொல்லையையே உழுதுவிட்டுப் போய்விடும். பரணில் உட்கார்ந்து தகரம் தட்டும்போது, "ஒரு ரைபிள் இருந்தா போதும்டா" என்பார்கள் பெரியவர்கள். எந்தத் தோட்டா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

வேட்டைக்காரர்களிடம் இது பழைய சண்டை. குமாவுன் மலையில் ஜிம் கார்பெட் வைத்திருந்தது .275 ரிக்பி, அதாவது 7 மி.மீ. குண்டு. 1926-ல் ருத்ரபிரயாக் சிறுத்தையைச் சுட்டது அதில்தான். நம் பழைய சேலம் ஜில்லாக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சனுக்கோ .405 வின்செஸ்டர்.

சின்னது சுமார் 9 கிராம், நொடிக்கு 820 மீட்டர். பெரியது 19.4 கிராம், 670 மீட்டர். இயக்க ஆற்றல் 3,026 ஜூல், 4,354 ஜூல். பெரியது ஒன்றரை மடங்குகூட இல்லை! உந்தத்தைப் பாருங்கள்: 7.4, 13.0. ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. வேகத்தை வர்க்கப்படுத்துவதால் ஆற்றல் கணக்கு சின்னக் குண்டுக்குச் சாதகமாகப் பேசுகிறது. தோளில் விழும் உதையும் உந்தத்தைத்தான் கேட்கும்.

தூரம் போனால் கதை மாறும். 200 மீட்டரில், காற்றுத் தடையை விட்டுவிட்டால், சின்னது 29 செ.மீ. தாழும், பெரியது 44 செ.மீ. காற்றையும் சேர்த்தால் இன்னும் மோசம். ஆண்டர்சன் சுட்டது அடர்ந்த காட்டில், கிட்டத்தில். அவருக்கு அது பெரிய குறையில்லை.

குண்டின் அமைப்பு இன்னும் முக்கியம். ஈயமுனை உடம்புக்குள் விரிந்து அங்கேயே ஆற்றலைக் கொட்டும். முழு உலோக உறை போட்டது விரியாமல் ஊடுருவும். ஆப்பிரிக்காவில் பெல் என்பவர் அந்த 7 மி.மீ. உறைக்குண்டிலேயே நூற்றுக்கணக்கான யானைகளைக் கொன்றார். ஆகவே பலவகை மிருகத்துக்கும் ஒரே தோட்டா என்றால் என் ஓட்டு 7 மி.மீ.க்கு, பன்றிக்கு ஈயமுனை.

ஆனால் 1972 வனவிலங்குச் சட்டப்படி நாம் சுட முடியாது. 2025 அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர்தான் சுடலாம். அவர்களும் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. எங்க பக்கம் தரை சமம், குண்டைத் தடுக்க மேடு கிடையாது. பன்றியைத் துளைத்தாலும் தவறினாலும் குண்டு அடுத்த கொல்லைக்குத்தான் போகும். அங்கேயும் பரண், அதிலும் ஒருத்தர் படுத்திருப்பார். தரையில் நின்று சுடாமல் பரண் மேலிருந்து கீழே பார்த்துச் சுட்டால், மிச்சத்தை மண்ணே வாங்கிக்கொள்ளும்.