பாட்டு உங்களுடையது, பூட்டு யாருடையது?

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்தில் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி வேர்ட் பற்றியோ எக்ஸெல் பற்றியோ இருக்காது. “வீட்டில் இரண்டு அட்டைப் பெட்டி நிறைய ஆடியோ சிடி கிடக்கிறது. அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கலாமா? அப்படியே போனுக்கும் மாற்றிக் கொள்ள முடியுமா?” என்றுதான் கேட்பார்கள். முடியும். ஆனால் எந்த வகை பைலாக ஏற்றுகிறீர்கள் என்பது முக்கியம். சில பைல்கள் பத்து வருடம் கழித்து எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் பாடும். சில பைல்கள் விண்டோஸை ஒருமுறை மாற்றி நிறுவினாலே வாயை மூடிக் கொள்ளும். இந்த வேறுபாட்டை ஆரம்பத்திலேயே தெரிந்து கொண்டால் பின்னால் தலைவலி இல்லை.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஆடியோ சிடியில் ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து எழுதுகிறார்கள். ஒவ்வொரு அளவும் 16 பிட். ஸ்டீரியோ என்பதால் இடது, வலது என இரண்டு சானல். பெருக்கிப் பாருங்கள், விநாடிக்கு 14,11,200 பிட் வரும். அதாவது ஒரு நிமிடப் பாட்டுக்கு சுமார் 10 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு 50 எம்பி. டெலிபோன் லைனில் 56 கே மோடம் வைத்து இன்டர்நெட் பார்த்த காலத்தில் இந்த ஒரு பாட்டை டவுன்லோட் செய்ய இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

இந்தப் பருமனைக் குறைத்ததுதான் எம்பி3. ஜெர்மனியில் உள்ள பிரான்ஹோபர் ஆய்வு நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டவர்கள் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கினார்கள். அவர்கள் பிடித்துக் கொண்டது நம் காதின் பலவீனத்தை. கல்யாண வீட்டில் தவில் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது காதில் விழாது அல்லவா? பாட்டிலும் அப்படித்தான். உரத்த ஒலிக்கு அடியில் அமுங்கிப் போகும் மெல்லிய ஒலிகளைக் கண்டுபிடித்து, அவற்றை மிகக் குறைந்த பிட்களில் எழுதுகிறது எம்பி3. சிலவற்றை எழுதாமலே விட்டு விடுகிறது. 128 கேபிபிஎஸ் வேகத்தில் எழுதினால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி போதும். 50 எம்பி பாட்டு 5 எம்பிக்கு வந்து விட்டது. 1995 ஜூலையில் இந்த பைல்களுக்கு .எம்பி3 என்ற துணைப்பெயரையும் தேர்ந்தெடுத்தார்கள்.

பாட்டு சின்னதானதும் அதற்கேற்ற கருவிகளும் வந்தன. 1998ல் தென் கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் என்ற பிளேயரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் டயமண்ட் நிறுவனத்தின் ரியோ பிஎம்பி300 வந்தது. இதில் இருந்த மெமரி 32 எம்பி. கிகாபைட் அல்ல, மெகாபைட்தான்! அரை மணி நேரப் பாட்டு பிடிக்கும். விலை சுமார் 200 டாலர். இன்று இனாமாகத் தரும் பென் டிரைவில் கூட இதைப் போல நூறு மடங்கு இடம் இருக்கும். ஆனாலும் அசையும் பாகம் எதுவுமே இல்லாமல், குலுக்கினாலும் திக்காமல் பாடும் கருவி அப்போது அதிசயம்தான்.

அமெரிக்க இசை நிறுவனங்களின் சங்கம் ரியோவைத் தடை செய்யக் கோரி கோர்ட்டுக்குப் போனது. 1999 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரியோவின் பக்கம் தீர்ப்பளித்தது. தன் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்கெனவே உள்ள பாட்டை ஒருவர் கையில் எடுத்துச் செல்வதற்காகத்தான் இந்தக் கருவி நகல் எடுக்கிறது, இது சொந்த உபயோகம் என்றது நீதிமன்றம். 1984ல் வீடியோ ரெக்கார்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதையும் துணைக்கு எடுத்துக் கொண்டது. அந்த 1984 வழக்கில், மக்கள் வீட்டில் பதிவு செய்து பார்க்கலாம் என்று வாதாடி ஜெயித்த கம்பெனி எது தெரியுமா? சோனி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், கொஞ்சம் தள்ளி மறுபடி வரும்.

2001 அக்டோபரில் ஆப்பிள் ஐபாட் வந்தது. உள்ளே 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க், 5 ஜிபி கொள்ளளவு, 399 டாலர், ஆயிரம் பாட்டு. 2003 ஏப்ரலில் ஆப்பிள் இன்டர்நெட்டில் பாட்டுக் கடை திறந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். பிரச்னை இங்கேதான் ஆரம்பம். அங்கே வாங்கிய பாட்டு பூட்டுப் போட்டு வந்தது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

டி.ஆர்.எம். என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மென்ட் என்பதன் சுருக்கம். பெயர் கம்பீரமாக இருக்கிறது, விஷயம் எளிது. பாட்டு பைலைச் சங்கேத மொழியில் மாற்றி விடுவார்கள். அதைத் திறக்கும் சாவி தனியாக இருக்கும். நீங்கள் பாட்டை வாங்கியதும், கடையின் சர்வர் உங்கள் கம்ப்யூட்டரை அடையாளம் பார்த்து அதற்கு மட்டும் ஒரு சாவி அனுப்பும். பைலை நண்பருக்குக் காப்பி செய்து கொடுத்தால் பைல் போகும், சாவி போகாது. திருட்டு நகலைத் தடுக்க இது வேண்டும் என்பது இசை நிறுவனங்களின் கட்சி.

சரி, நண்பருக்குத் தரவில்லை. நீங்களே புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிறீர்கள். அப்போதும் அந்த சர்வரிடம் போய்ப் புதுச் சாவி கேட்க வேண்டும். சர்வர் இருக்கும் வரை சரி. அதை நிறுத்தி விட்டால்?

இது கற்பனை அல்ல. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2004ல் எம்எஸ்என் மியூசிக் என்ற கடையைத் திறந்தது. அதில் வாங்கும் பாட்டு எந்தெந்த பிளேயரில் பாடும் என்று காட்ட ‘பிளேஸ் பார் ஷ்யூர்’ என்று ஒரு முத்திரை. நிச்சயம் பாடும் என்று பொருள். 2006 நவம்பரில் அதே மைக்ரோசாப்ட் சூன் என்ற தன் சொந்த பிளேயரை வெளியிட்டது. நிச்சயம் பாடும் என்று முத்திரை குத்திய பாட்டுக்கள் சூனில் பாடவில்லை! எம்எஸ்என் மியூசிக்கில் விற்பனையும் அந்த மாதமே நின்றது. 2008 ஏப்ரலில், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஒரு கடிதம் வந்தது. ஆகஸ்ட் 31க்குப் பிறகு சாவி தரும் சர்வர் இருக்காது, அதுவரை அனுமதி பெற்ற கம்ப்யூட்டரில் பாட்டு பாடும், புதுக் கம்ப்யூட்டருக்கோ புது விண்டோஸுக்கோ மாறினால் பாடாது என்பது அதன் சாரம். பெரும் கூச்சல் எழுந்தது. சர்வரை 2011 முடியும் வரை வைத்திருப்பதாக அறிவித்தார்கள். யாஹூவின் பாட்டுக் கடையும் 2008ல் இதே வழியில் போனது. காசு கொடுத்து வாங்கியவர்கள்தான் தவித்தார்கள். திருட்டு எம்பி3 வைத்திருந்தவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. இந்த முரண்பாட்டைப் பூட்டுப் போட்டவர்கள் யோசித்தார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

சொந்த சிடியில் எடுத்த பாட்டுக்கும் இந்த ஆபத்து இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மீடியா பிளேயரில் ‘காப்பி புரொடெக்ட் மியூசிக்’ என்று ஒரு கட்டம் இருக்கும. அதில் டிக் இருந்தால், உங்கள் சிடியில் இருந்து நீங்களே எடுத்த பாட்டும் அந்தக் கம்ப்யூட்டரோடு கட்டுப்பட்ட டபிள்யூஎம்ஏ பைலாகத்தான் பதிவாகும். சாவியை பேக்கப் எடுக்காமல் ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்தால் கதை முடிந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் பாடாத டபிள்யூஎம்ஏ பைல்கள் உங்களிடம் இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

சிடிக்குள் இருந்த பூதம்

இப்போது சோனிக்கு வருவோம். சோனியும் ஜெர்மனியின் பிஎம்ஜியும் சேர்ந்து நடத்திய சோனி பிஎம்ஜி இசை நிறுவனம், 2005ல் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆல்பங்களில் எக்ஸ்சிபி என்ற பூட்டை வைத்தது. சிடியை விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டால், இந்தப் பிளேயரை நிறுவினால்தான் கேட்கலாம் என்று சொல்லும். ஒப்புதல் தந்தால் பிளேயரோடு இன்னொன்றும் சத்தமில்லாமல் உட்கார்ந்து கொள்ளும். அதன் வேலை ஒளித்து வைப்பது. டாலர் குறி, எஸ்ஒய்எஸ், மறுபடி டாலர் குறி என்று பெயர் ஆரம்பிக்கும் எந்த பைலும் விண்டோஸின் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். இப்படி மறைந்து வேலை செய்யும் சாப்ட்வேரை ரூட்கிட் என்பார்கள். வைரஸ் எழுதுபவர்கள் கையாளும் தந்திரம் இது.

2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர் தன் கம்ப்யூட்டரிலேயே இதைக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னார். அதை அவர் கையால் நீக்கியபோது சிடி டிரைவே காணாமல் போனது. சாதாரண ஆள் என்ன செய்திருப்பார்? கடைக்காரரைத் திட்டியிருப்பார். அடுத்த சில நாட்களில் அதே பெயர்த் தந்திரத்தில் ஒளிந்து கொள்ளும் டிரோஜன்களும் வந்து சேர்ந்தன. நீக்குவதற்காக சோனி பிஎம்ஜி கொடுத்த புரோகிராமிலும் பாதுகாப்பு ஓட்டை. நவம்பரில் அந்த சிடிகளைத் திரும்பப் பெற்றார்கள். பாட்டு சிடி எதையாவது இன்ஸ்டால் செய்யட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்லுங்கள். பாட்டுக் கேட்க அது தேவையே இல்லை.

2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். முந்தைய ஆண்டில் இன்டர்நெட்டில் பூட்டோடு விற்ற பாட்டுக்கள் 200 கோடிக்கும் குறைவு, சிடிகளில் பூட்டில்லாமல் விற்றவை 2,000 கோடிக்கும் மேல், பிறகு பூட்டு எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பூட்டால் ஐபாட் விற்பனைக்கும் லாபம் இருந்தது என்பதை நாம் மறக்க வேண்டாம். 2009 ஜனவரியில் ஐட்யூன்ஸ் கடையில் எல்லாப் பாட்டையும் பூட்டின்றி விற்பதாக ஆப்பிள் அறிவித்தது. 2012 டிசம்பரில் அந்தக் கடை இந்தியாவுக்கு வந்தபோது பூட்டு இல்லாமல்தான் வந்தது.

இன்று பூட்டு வேறு உருவத்தில் இருக்கிறது. மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கும் சேவைகளில் டவுன்லோட் பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் பாட்டு போனுக்கு வரும். ஆனால் அது அந்த ஆப்பில் மட்டுமே பாடும். ஸ்பாட்டிபையில் 30 நாட்களுக்கு ஒருமுறையாவது இன்டர்நெட்டில் இணையாவிட்டால் டவுன்லோட் செய்தவை பாடாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாடகை வீட்டை வாடகை வீடு என்று தெரிந்து எடுத்தால் வருத்தமில்லை. நானும் புதுப் பாட்டுக்களை அப்படித்தான் கேட்கிறேன். எனக்கு மிகவும் வேண்டிய பாட்டுக்களை மட்டும் சொந்த பைலாக வைத்திருக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது

விண்டோஸ் 11ல் பைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று கிளிக் செய்யுங்கள். பைல்களின் துணைப்பெயர் தெரியும். .எம்பி3, .எம்4ஏ, .பிளாக் என்றிருந்தால் கவலை இல்லை. .எம்4பி என்றிருந்தால் அது ஆப்பிளின் பழைய பூட்டு. .டபிள்யூஎம்ஏ என்றால் இரண்டும் உண்டு. அதை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் போய் ‘புரொடெக்டட்’ என்ற வரியில் யெஸ் என்று இருக்கிறதா பாருங்கள்.

சிடியில் இருந்து எடுக்க, ஸ்டார்ட் மெனுவில் தேடி விண்டோஸ் மீடியா பிளேயர் லெகசியைத் திறங்கள். புதிய லேப்டாப்களில் சிடி டிரைவ் இருப்பதில்லை. யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்று வாங்கினால் போதும். ஆர்கனைஸ், ஆப்ஷன்ஸ், ரிப் மியூசிக் என்று வரிசையாகப் போங்கள். பார்மட் என்ற இடத்தில் எம்பி3 தேர்ந்தெடுத்து, கீழே உள்ள ஸ்லைடரை 256 அல்லது 320க்கு நகர்த்துங்கள். 128 வைத்தது மெமரி விலை எக்கச்சக்கமாக இருந்த காலத்தில். இப்போது கஞ்சத்தனம் தேவையில்லை. ஒலியில் எதையும் இழக்கக் கூடாது என்பவர்கள் பிளாக் தேர்ந்தெடுக்கலாம், பைல் பெரிதாக இருக்கும். பிறகு ரிப் சிடி பட்டன். அவ்வளவுதான்.

இது சட்டப்படி சரியா என்று சிலர் தயங்குகிறார்கள். 2012ல் திருத்திய நம் காப்பிரைட் சட்டத்தின் 52வது பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. ஊருக்கெல்லாம் பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பது அதில் வராது. அதே திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. ஆகவே பூட்டை உடைக்கும் சாப்ட்வேர் என்று இன்டர்நெட்டில் வருவதைத் தொடாதீர்கள். அவற்றோடு வைரஸ் வருவது தனிக் கதை.

எல்லாம் எடுத்து முடித்ததும் மியூசிக் போல்டரை அப்படியே ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கிலும் காப்பி செய்யுங்கள். அதில் இருந்து நாலைந்து பாட்டை வேறு கம்ப்யூட்டரில் பாட வைத்துப் பாருங்கள். அங்கேயும் பாடினால் பூட்டு இல்லை என்பது உறுதி. சிடிகளை மட்டும் பழைய சாமான்காரரிடம் போட்டு விடாதீர்கள், அட்டையோடு பெட்டியில் இருக்கட்டும்.